காற்றைக் குறைக்காதே

ஜனவரி 12

அன்புள்ள வாலுவுக்கு,

அண்ணி எழுதுகிறேன். சௌக்கியமா? வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடாமல் இருக்கிறாயா? நான் நன்றாகத்தான் இருக்கிறேன். உன் அண்ணனைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன்.

போன் இருக்கும்போது இது என்ன புதுப் பழக்கம் என்று நினைப்பாய். வீடு இரண்டே அறை. முன்னறையில் நான் முணுமுணுத்தாலும் உள்ளே கட்டிலில் இருக்கிறவர் காதில் விழும். மெசேஜ் அனுப்பலாமென்றால், என் போன் நாள் முழுக்க அவருடைய இடது கையில் இருக்கிறது. அவருடைய போன், பக்கவாதம் வந்த அன்று கிரேன் கேபினிலிருந்து அவரை இறக்கும்போது கீழே விழுந்து நொறுங்கிவிட்டது. அதனால்தான் கடிதம். பதிலை நான் வேலை பார்க்கிற மூக்குக்கண்ணாடிக் கடை முகவரிக்குப் போடு.

நீ கேட்கும்போதெல்லாம் "நல்லாயிருக்கேன்" என்கிறாரே, அதை நம்பாதே. கால் தேறிவிட்டது, நடக்கிறார். வலது கைதான் அப்படியே கிடக்கிறது. விரல்கள் மடங்க மாட்டேன் என்கின்றன. முதல் சில மாதங்களில் கையை எவ்வளவு வேலை வாங்குகிறோமோ அவ்வளவு திரும்ப வரும், பிறகு கஷ்டம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பிடித்துப் பிடித்து விடச் சொல்லி ஒரு ரப்பர் பந்து கொடுத்தார்கள். அது இப்போது கட்டிலுக்கு அடியில் தூசியோடு கிடக்கிறது. கேட்டால் போர்வையை இழுத்து மூடிக்கொள்கிறார். கல்லுளிமங்கன் என்று நீ அவருக்கு வைத்த பேர் பொருத்தம்தான்.

அவருடைய கிரேனில் தற்காலிகமாக வேறொருவர் உட்கார்ந்திருக்கிறார். கை சரியாகிவிட்டால் இடம் உனக்குத்தான் என்று மேஸ்திரி சொல்லிவிட்டுப் போனார். அந்தக் கேபின் இல்லாமல் இந்த மனிதர் எப்படி இருப்பார்?

வளர்ந்த ஆட்களே கீழே வைக்க முடியாமல் விளையாடுகிற கேம்களை நீ செய்கிறாய். உன் அண்ணன் கைக்கு ஒன்று செய்யேன். பந்தைத் தொடாதவர் அதையாவது தொடுவார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணி


ஜனவரி 29

அன்புள்ள அண்ணிக்கு,

நான் நலம். நீங்கள் இருவரும் நலமாக இருக்க வேண்டும் என்று இந்தத் தடவை சம்பிரதாயத்துக்கு எழுதவில்லை, மனதார எழுதுகிறேன். கடிதத்தைப் படித்துவிட்டு ஆபீஸில் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

என் வேலையை நீங்கள் ரொம்ப உயர்வாக நினைத்துவிட்டீர்கள். எங்கள் ஆபீஸில் படம் வரைகிறவர் வேறு, இசை போடுகிறவர் வேறு. ஆள் எங்கே தோற்க வேண்டும், எப்போது ஜெயிக்க விட வேண்டும் என்று தீர்மானிக்கிறவள் நான். ஜெயிப்பதில்தான் சந்தோஷம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். எடுத்ததும் ஜெயித்த விளையாட்டை யாரும் இரண்டாம் தடவை தொடுவதில்லை. தோற்கிற விதத்தில்தான் விஷயமே இருக்கிறது. தப்பு என்னுடையது, அடுத்த தடவை சரிசெய்துவிடுவேன் என்று ஆளுக்குத் தோன்ற வேண்டும். அப்போதுதான் "இன்னொரு தடவை" என்று வாய் தானாகச் சொல்லும். அந்த இரண்டு வார்த்தையை எங்கள் மேலாளர் சுவரில் பெரிதாக எழுதி மாட்டியிருக்கிறார்.

அதைச் சொல்லவைக்க நாங்கள் செய்கிற தில்லுமுல்லுகளைக் கேட்டால் நீங்கள் என்னைத் திட்டுவீர்கள். ஆள் அலுத்துப் போகப்போகிறார் என்று தெரிந்தால் சத்தமில்லாமல் ஒரு வெற்றியைக் கொடுத்துவிடுவோம். முகம் தெரியாதவர்களிடம் இதைச் செய்து செய்து எனக்கே சில நாள் குமட்டும். இந்த வித்தை ஒரு நல்ல காரியத்துக்கு உதவட்டுமே என்று உடனே உட்கார்ந்துவிட்டேன்.

பார்சலில் ஒரு சின்னப் பெட்டியும் ஒரு பிடியும் வரும். பெட்டியை டிவியில் மாட்டுங்கள். திரையில் ஒரு பறவை, கட்டடங்களின் ஜன்னல்கள் வழியாகப் பறக்கும். பிடியை அழுத்தினால் எழும்பும், தளர்த்தினால் இறங்கும். பிடியின் பட்டையை மணிக்கட்டில் கட்டிக்கொண்டால் விரல் மடங்காத கையும் அதைப் பற்றிக்கொள்ளும். நன்றாக விளையாடினால் ஜன்னல்கள் தானே குறுகும். தோற்றால் கொஞ்சம் கொஞ்சமாக அகலும். கடைசியில் சொன்னதை அவனிடம் சொல்லாதீர்கள். வழிவிடுகிறார்கள் என்று தெரிந்தால் ஜெயிப்பதில் ருசி போய்விடும். ஒவ்வொரு ஆட்டத்தின் எண்களும் இங்கே என் மேசைக்கு வந்துவிடும்.

கிரேனையே விளையாட்டாகச் செய்யலாமா என்றுகூட யோசித்தேன். புண்ணில் விரலை விட்டது போலாகும் என்று விட்டுவிட்டேன்.

நேரத்துக்குத் தூங்குங்கள் அண்ணி. உங்களை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று நான் கேட்கவே இல்லை.

உங்கள் வாலு


பிப்ரவரி 20

அன்புள்ள வாலுவுக்கு,

நலம். நீயும் நலமென்று நம்புகிறேன். பார்சல் பத்திரமாக வந்தது.

அவர் பிடியை இடது கையில் வாங்கி எடை பார்ப்பது போலப் பார்த்தார். "வாலு செஞ்சதா" என்றார். பிறகு மேசைமேல் வைத்தார். வைத்த விதம் மரியாதையாகத்தான் இருந்தது.

பறவை ரொம்ப அழகு. சாம்பல் நிறமும் அந்த முழிக்கிற கண்ணும் யார் வரைந்தது? மூன்றாவது கட்டடத்தின் ஜன்னல் சற்று உயரத்தில் இருக்கிறது. ஜன்னலைப் பார்த்த பிறகு அழுத்தினால் நேரம் போதாது. சுவர் தெரியும்போதே மெதுவாக அழுத்தத் தொடங்கிவிட வேண்டும். கண்ணாடியைச் சாணைச் சக்கரத்தில் வைக்கும்போது இப்படித்தான். சக்கரம் தொட்ட பிறகு அழுத்தினால் விளிம்பு உடையும்.

மறுநாள் சாயங்காலம் நீ போன் செய்து, எண் வந்துவிட்டது, வந்துவிட்டது என்று அப்படிக் கத்தினாய். உன்னை அவ்வளவு சந்தோஷமாகக் கேட்டு எத்தனை நாளாயிற்று. அவர் பக்கத்தில் இருந்ததால் சரி சரி என்று வைத்துவிட்டேன்.

ஒரு வேண்டுகோள். அவரிடம் போனில் இந்த விளையாட்டைப் பற்றிப் பேசாதே. கேட்டால் வீம்புக்காகவே நிறுத்திவிடுவார். அவர் குணம் உனக்குத் தெரியும்.

வெயில் ஏறுகிறது இங்கே. அங்கே குளிர் விட்டதா?

உன் அண்ணி


மார்ச் 8

அன்புள்ள அண்ணிக்கு,

குளிர் விட்டது, எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷமும் வந்துவிட்டது. நீங்கள் நலம்தானே? அண்ணன் நலமென்று எண்களே சொல்கின்றன.

போனில் ஒரு வார்த்தை கேட்கவில்லை, சத்தியம். வாயைக் கட்டிப்போட்டுக்கொண்டு இருக்கிறேன்.

தினமும் நீங்கள் கடைக்குக் கிளம்பும் முன் உள்ள நேரம் என்று நினைக்கிறேன், ஆட்டங்கள் வருகின்றன. முதல் வாரமே ஜன்னல் குறுகிவிட்டது. பக்கவாதம் வந்த கை முதலில் வெடுக்வெடுக்கென்றுதான் அழுத்தும் என்று படித்திருந்தேன். இவன் அழுத்தம் வெண்ணெயில் கத்தி இறங்குவது மாதிரி இருக்கிறது. அத்தனை வருஷம் கிரேன் லீவரைப் பிடித்த கை அல்லவா, நோய் வந்தாலும் நிதானம் போகவில்லை என்று இங்கே எல்லோரிடமும் பீற்றிக்கொள்கிறேன்.

எண்ணில் தெரியாத ஒன்றை நீங்கள்தான் எழுத வேண்டும். தோற்கும்போது அவன் என்ன சொல்கிறான்? நாங்கள் ஒரு விளையாட்டைச் சோதிக்கும்போது ஆடுகிறவரின் முகத்தைத்தான் பார்ப்போம். தோற்றதும் திரையைத் திட்டினால் விளையாட்டில் கோளாறு. தன்னைத் திட்டிக்கொண்டால் விளையாட்டு சரி. ஒன்றுமே சொல்லாமல் போனால் அந்த விளையாட்டு செத்தது.

புதுக் கட்டடங்களை ஏற்றியிருக்கிறேன். அவனுக்கு இனிப் பழையது போதாது.

உங்கள் கை வலிக்கிற அளவுக்குக் கடையில் வேலை செய்யாதீர்கள்.

உங்கள் வாலு


ஏப்ரல் 16

அன்புள்ள வாலுவுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. கடையில் ஒரு வாடிக்கையாளரின் கண்ணாடியில் கீறல் விழுந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் என் கையில் அப்படி நடந்ததில்லை. முதலாளி நாலு பேர் முன்னால் சத்தம் போட்டார். மற்றபடி நலம்தான். நீ எப்படி இருக்கிறாய்?

தோற்கும்போது என்ன சொல்வது என்று கேட்டாய். "சீ போ, குருட்டுப் பறவையே" என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. பறவையைத் திட்டினாலும் தப்பு தன்னுடையது என்று தெரிகிறது. சில சமயம் சிரிப்பு வந்துவிடுகிறது. அத்தனை நேரம் வேறு எந்த நினைப்பும் வருவதில்லை. மருந்துச் சீட்டு, மேஸ்திரி, டாக்டர் ஒன்றும் கிடையாது. ஜன்னல் மட்டும்தான். நல்ல விளையாட்டு என்று நீ சொல்வது இதைத்தானோ என்னவோ.

புதுக் கட்டடங்களில் இரண்டாவதை மட்டும் கொஞ்சம் பார். அது நியாயமில்லை. முன்னால் இருக்கிற கோபுரம் மறைத்துவிடுகிறது.

கை அப்படியேதான் இருக்கிறது. விளையாட்டு வேறு, கை வேறு போலிருக்கிறது. நீ ரொம்ப எதிர்பார்க்காதே.

உன் அண்ணி


மே 3

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். உங்கள் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதீர்கள். ஜன்னல் மட்டும்தான் என்று எழுதியிருந்தீர்களே, அந்த வரியை மேலாளருக்கே படித்துக் காட்டினேன். அந்தக் கல்லுளிமங்கன் சிரிக்கிறானா? அவன் சிரிப்பை நான் கேட்டே வருஷமாகிறது.

கை அப்படியே இருக்கிறது என்று நீங்கள் சொல்வது பக்கத்திலேயே இருப்பதால். தினம் பார்க்கிற பிள்ளை வளர்வது தெரியாது என்பார்களே, அப்படித்தான். எண் பொய் சொல்லாது. கோபுரத்தை நகர்த்திவிட்டேன். ஆனால் மற்ற ஜன்னல்களை இன்னும் குறுக்கியிருக்கிறேன். என்னாலேயே அதில் போக முடியவில்லை, அவன் போகிறான்.

இரண்டு செய்தி. மேலாளர் அண்ணனின் எண்களைப் பார்த்து அசந்துபோனார். இதையே நோயாளிகளுக்கான விளையாட்டாக வெளியிடலாம் என்கிறார். அண்ணனின் எண்களை ஆதாரமாகக் காட்டப் போகிறோம். உங்கள் இருவர் சம்மதமும் வேண்டும்.

இன்னொன்று, திட்டாதீர்கள். நேற்றுப் போனில் என் வாய் சும்மா இருக்கவில்லை. "கலக்கறேண்ணா, உன் ஸ்கோர் எங்க ஆபீஸ்ல யாருக்கும் வரலை" என்று சொல்லிவிட்டேன். "அப்படியா" என்றான், அவ்வளவுதான். சந்தோஷத்தில் அவனுக்கு வார்த்தை வரவில்லை போலிருக்கிறது.

சம்மதத்தைச் சீக்கிரம் எழுதுங்கள்.

உங்கள் வாலு


மே 27

வாலு,

நீ நலமா என்று கேட்கக்கூட எனக்கு வாய் கூசுகிறது.

விளையாடியது நான். முதல் நாளிலிருந்து நான்தான். உன் அண்ணன் அந்தப் பிடியைத் தொடவே இல்லை.

வந்த அன்று மேசைமேல் வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். கெஞ்சிப் பார்த்தேன், கோபித்துப் பார்த்தேன், சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். மறுநாள் அவர் தூங்கும்போது, எப்படித்தான் இருக்கிறது பார்ப்போம் என்று நான் எடுத்தேன். அன்று சாயங்காலமே நீ போன் செய்தாய். அத்தனை சந்தோஷத்தில் இருந்தவளிடம், அவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, என்ன சொல்வேன்? அடுத்த நாள் எண் வராவிட்டால் நீ கேட்பாய் என்று மறுபடி எடுத்தேன். அதற்கு அடுத்த நாள் உனக்காக எடுக்கவில்லை. எனக்கே வேண்டியிருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

நீ ஸ்கோர் சொன்ன மறுநாள் நான் கடையிலிருந்து திரும்பும்போது அவர் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். பிடியைப் பல்லால் இழுத்து வலது மணிக்கட்டில் கட்டியிருந்தார். எனக்குக் கால் வாசலிலேயே நின்றுவிட்டது. பறவை முதல் ஜன்னலையே தாண்டவில்லை. மோதியது, விழுந்தது, மறுபடி மோதியது. ஜன்னல் கீறல் மாதிரி இருந்தது. என் கைக்கு ஏற்றபடி குறுகிக் குறுகி வந்த ஜன்னல் அது. தோற்றால் அகலும் என்றாயே, அகன்றது. மயிரிழை மயிரிழையாக அகன்றது. எத்தனை நாள் நான் குறுக்கியதை ஒரு சாயங்காலத்தில் எப்படி அகட்ட முடியும்? நீ எழுதியிருந்தாயே, ஒன்றுமே சொல்லாமல் போனால் என்று, அப்படிப் போனார்.

பிடியைப் பார்சல் பெட்டிக்குள் வைத்து, ஒற்றைக் கையால் டேப் ஒட்டிப் பரணில் ஏற்றிவிட்டார். பிசியோதெரபிக்கும் இனி வரமாட்டேன் என்கிறார். "எதுக்கு" என்று ஒரு சொல். அவ்வளவுதான் பேச்சு.

உன் மேலாளரிடம் என்ன சொல்வாயோ தெரியவில்லை. உன் அண்ணனிடம் நான் இன்னும் எதையும் சொல்லவில்லை. சொல்லத் தைரியம் வரவில்லை.

அண்ணி


ஜூன் 9

அண்ணிக்கு,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை.

முதல் சில மாதங்கள் என்று டாக்டர் சொன்னதை எனக்கு எழுதியதே நீங்கள்தான். அந்த மாதங்களைத்தான் நீங்கள் விளையாடித் தீர்த்திருக்கிறீர்கள். ஒரு வரி எழுதியிருந்தால் வேறு ஏதாவது செய்திருப்பேன், விடுப்புப் போட்டுக்கொண்டு ஓடி வந்திருப்பேன். "நல்லாயிருக்கேன்" என்று பொய் சொல்கிறான், நம்பாதே என்று அவனைச் சொன்னீர்களே. நீங்கள் என்ன செய்தீர்கள்?

மேலாளரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். எல்லோரும் இருந்த கூட்டத்தில் சொல்ல வேண்டியதாயிற்று. அது பெரிதில்லை. அவன் இந்த உலகத்தில் தன் கையைத் தவிர எதையும் நம்பியதில்லை. அந்தக் கையை நாம் இருவரும் சேர்ந்து அவன் கண் முன்னாலேயே தோற்கடித்துவிட்டோம். என்னால் இதை மன்னிக்க முடியவில்லை.

இதற்குமேல் எழுத வரவில்லை.


ஆகஸ்ட் 2

வாலு,

நான்தான். இடது கையால் எழுதுகிறேன். கோழி கிளறியது மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள். நாளுக்குக் கொஞ்சமாக எழுதுகிறேன்.

உன் ஜூன் மாதக் கடிதத்தை உன் அண்ணி கைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தாள். போன வாரம் சாப்பிட உட்கார்ந்தவள் சாப்பிடாமல் அழுதாள். எல்லாவற்றையும் சொன்னாள். உன் கடிதங்களையும் காட்டினாள், ஜனவரியிலிருந்து எல்லாவற்றையும். கடைசிக் கடிதத்தை நீ அப்படி எழுதியிருக்கக் கூடாது.

அவள் விளையாடியது எனக்கு அப்போதே தெரியும். இரண்டு அறை வீடு. நான் தூங்கவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். "சீ போ, குருட்டுப் பறவையே" என்பாள், தனியாகச் சிரிப்பாள். நான் விழுந்த நாளிலிருந்து அதுவரை அவள் சிரித்து நான் கேட்கவில்லை. எழுந்து போனால் நிறுத்திவிடுவாள். அதனால் எழவில்லை. தினமும் அந்த நேரத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். எண்கள் என் பெயரில் உனக்கு வருகின்றன என்பது மட்டும் தெரியாது. நீ ஸ்கோர் சொன்னதும் புரிந்தது. இவ்வளவு ஆசைப்படுகிறார்களே, நாமே ஒரு கை பார்ப்போம் என்றுதான் எடுத்தேன். அப்புறம் நடந்தது உனக்குத் தெரியும். மாதங்கள் போனதற்கு யாரையாவது திட்ட வேண்டுமென்றால் என்னைத் திட்டு. பந்தைக் கட்டிலுக்கு அடியில் உதைத்தது நான்.

இப்போது அவள் விளையாடுவதில்லை. வீட்டில் சத்தமே இல்லை.

விளையாட்டைப் பற்றி நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன். பறவை எனக்குப் பிடிக்கவில்லை. தோற்கிறவனுக்குத் தெரியாமல் வழிவிடுமாமே, அது அதைவிடப் பிடிக்கவில்லை. சின்ன வயதில் நான் வேண்டுமென்றே தோற்றேன் என்று தெரிந்ததும் நீ ஆட்டப் பலகையையே தூக்கி எறிந்தாய். என் நெற்றியில் பட்டது. அந்தப் பெண் எங்கே போனாள்?

கிரேன் கொக்கியில் சுமை ஏறியதும் ஆடும். ஆடுகிற பக்கத்துக்கு எதிராக இழுத்தால் இன்னும் ஆடும். அது போகிற பக்கமே நாமும் கொஞ்சம் போக வேண்டும், அது திரும்புகிற நேரத்தில் நாம் நின்றிருக்க வேண்டும். அப்போது சுமை கயிற்றில் நேராக நிற்கும். அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் அத்தனை வருஷம் ஏணி ஏறினேன். சந்தோஷம் எங்கே இருக்கிறது என்று உன் ஆபீஸில் தேடுகிறீர்களாமே. எனக்கு அங்கே இருந்தது. மேலே காற்று எனக்காக ஒருநாளும் குறைந்ததில்லை. அதனால்தான் சுமை நின்றால், நிறுத்தியது நான் என்று தெரிந்தது.

செய்வதென்றால், நீ முதலில் யோசித்துவிட்டு விட்ட அந்தக் கிரேன் விளையாட்டைச் செய். புண்ணில் குத்தும் என்று பயப்படாதே. புண் என்னுடையது. காற்றை மட்டும் குறைக்காதே.

முதலில் அவளுக்கு ஒரு கடிதம் போடு.

அண்ணன்


ஆகஸ்ட் 25

அன்புள்ள அண்ணிக்கு,

நலமா? இந்தக் கேள்வியை ஜூனில் கேட்காமல் விட்டுவிட்டேன். முன்பு ஒரு கடிதத்தில் உங்களை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று எழுதினேன். எழுதிவிட்டுப் பதிலுக்குக்கூடக் காத்திருக்கவில்லை. எண்களைப் பார்க்கப் போய்விட்டேன்.

என்னை மன்னியுங்கள். அந்தப் பழைய எண்களை மறுபடி எடுத்துப் பார்த்தேன். கண்ணாடியில் கீறல் விழுந்த நாள், முதலாளி சத்தம் போட்ட நாள் என்று நீங்கள் எழுதியிருந்தீர்களே, அந்தச் சமயத்தில்தான் ஆட்டங்கள் மிக அதிகம். ஒரு மனுஷி மூச்சுவிட இடம் தேடியிருக்கிறாள். நான் அதைக் கிரேன் லீவர் பிடித்த கை என்று பீற்றிக்கொண்டிருக்கிறேன். ஆட்டத்தில் இருப்பவர் யார் என்று கேட்காமல் கையை மட்டும் அளக்கிற விளையாட்டைச் செய்தது நான். உங்கள்மேல் பழியைப் போட்டுவிட்டு நான் தப்பித்துக்கொண்டேன்.

புதுப் பெட்டி அனுப்பியிருக்கிறேன். ஒரு கிரேன், ஒரு சுமை, காற்று. முதல் சுமை இலேசானது, அதை அவன் திரையிலேயே பார்க்கலாம். எதை எடுப்பது என்று அவனே தேர்ந்தெடுப்பான். மறைவாக எதுவும் மாறாது. காற்றைக் குறைக்கவில்லை. நான் ஆடிப் பார்த்து ஒரு சுவரையே இடித்தேன். மேலாளர், விட்டுக்கொடுக்காத விளையாட்டை யார் தொடுவார்கள் என்றார். எனக்குத் தெரிந்து ஒருவன் தொடுவான் என்றேன். தொடுவானா என்று எனக்கு உள்ளுக்குள் பயமாகத்தான் இருக்கிறது.

இனி எண் எதுவும் எனக்கு வராது. அந்த இணைப்பை நானே எடுத்துவிட்டேன். நீங்கள் எழுதினால்தான் எனக்குத் தெரியும்.

பறவைப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்குங்கள். அது உங்களுடையது. ஜன்னல்களை நீங்கள் விட்ட இடத்திலேயே விட்டிருக்கிறேன்.

உங்கள் வாலு


அக்டோபர் 4

அன்புள்ள வாலுவுக்கு,

நலம். நீயும் நலமாக இரு. உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன், இரண்டாம் தடவை அவருக்காக உரக்க. போதும், இனி அதைப் பேச வேண்டாம்.

நல்ல செய்தி மட்டும் எழுத ஆசைதான். ஆனால் பாதியை மறைத்து எழுதுவது இனி என்னால் ஆகாது. போன வாரம் டாக்டரிடம் போனோம். கட்டை விரலும் அடுத்த இரண்டும் பிடிக்கின்றன. மற்ற இரண்டும் பெரும்பாலும் இப்படியேதான் இருக்கும் என்றார். முன்பே தொடங்கியிருந்தால் வந்திருக்குமா என்று கேட்டேன். சொல்ல முடியாது என்றார். அந்தப் பதிலை நான் என் ஆயுசு முழுக்கச் சுமக்க வேண்டும். அதற்குச் சில வாரம் முன்பே மேஸ்திரி வந்து போனார். தற்காலிகமாக உட்கார்ந்திருந்தவருக்கே கிரேனைக் கொடுத்துவிட்டார்களாம். கீழே நின்று சைகை காட்டுகிற வேலை இருக்கிறது, வருகிறாயா என்றார். உன் அண்ணன் யோசிக்கிறேன் என்றார்.

மேஸ்திரி போனதும் உன் அண்ணன் கட்டிலுக்குத்தான் போவார் என்று நினைத்தேன். டிவி முன்னால் உட்கார்ந்தார். உன் புதுப் பெட்டி வந்த நாளிலிருந்து அதைத் துணி போட்டு மூடி வைத்திருந்தார். துணியை எடுத்தார். பட்டையைக் கட்டிவிடவா என்று கேட்டேன். வேண்டாம் என்று பல்லாலேயே கட்டிக்கொண்டார். இலேசான சுமையை எடு என்று சொல்ல நினைத்து நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் எடுத்தது மிகக் கனமானதை.

காற்று வந்தது. சுமை ஆடி, பக்கத்துக் கட்டடத்தின் மொட்டைமாடிச் சுவரை அப்படியே பெயர்த்துக்கொண்டு போயிற்று. அவர் ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன், என்னால் அடக்க முடியவில்லை. "சிரிக்காத" என்றார். நிஜமான கோபம். இந்த வருஷத்தில் அவர் முகத்தில் கோபத்தைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது, அதைச் சிரிப்பு என்றே நினைத்துக்கொண்டார்.

"இன்னொரு தடவை" என்றார், என்னிடம் இல்லை, திரையிடம்.

அன்றிலிருந்து தினமும் உட்காருகிறார். நான் கடைக்குக் கிளம்பும் முன் பறவையோடு என் நேரம். பிறகு டிவி அவருடையது. விரல் வீங்கும் வரை பிடிக்கிறார். சில நாள் பிடியைத் தூக்கி எறிகிறார், பிறகு தானே போய் எடுத்து வருகிறார்.

சுமை ஒருதடவையாவது நின்றதா, எத்தனை சுவர் போயிற்று என்று நீ துடித்துக்கொண்டிருப்பாய். இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தபோது, "வாலுவுக்கா? தோத்ததச் சொல்லிடாத" என்றார். அவளுக்கு இப்போது எண் எதுவும் போவதில்லை, நான் எழுதினால்தான் தெரியும் என்றேன். "அதனாலதான் சொல்றேன். நின்னதும் நானே எழுதிக்கறேன், இந்தக் கையால" என்றார்.

அதனால் எழுதவில்லை.

உன் அண்ணி